தேர்ட் பார்ட்டி: அந்த மூன்றாமவர் யார்?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனால் முகவர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா?" என்பதுதான். விலை குறைந்த பாலிசிக்கு அதுவே பெயராகிவிட்டது. போலீஸ் மறித்தால் காட்ட ஒரு தாள், எஃப்.சி.க்குப் போகும்போது இணைக்க ஒரு நகல் என்ற அளவில் அதை வைத்திருக்கிறோம். உண்மையில் அந்தச் சொல் குறிப்பது ஒரு மனிதரை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர், பிரீமியம் கட்டாதவர், நம் வண்டியால் இழப்புக்கு ஆளானவர் அவர். அவரை மறந்துவிட்டதால்தான், ஒரு கார் தீப்பிடித்துப் பக்கத்தில் நின்ற கார்களும் கருகிப்போகும்போது யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று தெரியாமல் ஆளாளுக்குக் கத்துகிறோம்.

'பார்ட்டி' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. பங்கு, பகுதி என்ற பொருளுடைய சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வழக்கிலோ ஒப்பந்தத்திலோ ஒரு பக்கத்தில் நிற்பவரைக் குறிக்கத் தொடங்கியது. நம் மண்டிகளில் சரக்கு வாங்க வருபவரையும் 'பார்ட்டி' என்கிறார்கள். அதுவும் இதே சொல்தான், பேரத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவர். காப்பீட்டு ஒப்பந்தத்தில் வண்டி உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. இந்த இருவருக்கும் வெளியே இருப்பவர் அனைவரும் மூன்றாம் தரப்பு.

இந்த எண்ணிக்கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வண்டிகள் மோதினால், ஓட்டிய இருவரும் முதல் இரண்டு ஆட்கள், வேடிக்கை பார்த்தவர்தான் மூன்றாமவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கை விபத்திலிருந்து தொடங்குவதில்லை, பாலிசியிலிருந்து தொடங்குகிறது. என் பாலிசிக்கு எதிரே வந்த வண்டிக்காரர் மூன்றாம் தரப்பு. அவருடைய பாலிசிக்கு நான் மூன்றாம் தரப்பு. ஒரே விபத்தில் ஒருவரே ஓரிடத்தில் முதல் தரப்பாகவும் மற்றோரிடத்தில் மூன்றாம் தரப்பாகவும் இருக்கலாம். 2024 ஜனவரியில் தொப்பூர் கணவாயின் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றி நால்வர் உயிரிழந்தார்களே, அப்படிப்பட்ட தொடர் மோதலில் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும்.

பொதுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் இல்லாதவர் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி எதையும் கேட்க முடியாது. சாலையில் அடிபட்டவரின் நிலை அதனால் பரிதாபமாக இருந்தது. மோதியவரிடம் பணம் இல்லை. பணம் இருக்கும் நிறுவனத்துக்கோ இவரை யாரென்றே தெரியாது. இதை மாற்றத்தான் பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே வழியில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146-ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது, 147-ஆம் பிரிவு அதில் என்ன அடங்க வேண்டும் என்று சொல்கிறது. உரிமையாளருக்கு எதிரான தீர்ப்புத் தொகையை நிறுவனமே மூன்றாமவருக்குச் செலுத்தவேண்டும் என்று 150-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. கையெழுத்துப் போடாதவருக்கு உரிமை தந்த இந்த ஏற்பாட்டை, மோட்டார் சட்டம் செய்த மிகப் பெரிய நன்மை என்றே சொல்வேன்.

இப்போது தீக்கு வருவோம். முகூர்த்த நாளில் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் கதவைத் திறக்கக்கூட இடமில்லாமல் கார்கள் நெருக்கி நிற்கின்றன. நடுவில் நிற்கும் காரில் கூடுதல் ஹாரனும் பனிவிளக்கும் பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர். இடையில் ஃபியூஸ் இல்லை. இணைப்பில் சுற்றிய கறுப்பு டேப் என்ஜின் சூட்டில் பசை விட்டுக் கழன்றிருக்கிறது. வயர் உடல் தகட்டில் உரசி உரசி மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொடுகிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே எரிந்து மின்னோட்டத்தை அறுத்திருக்கும். இல்லாததால் வயர் முழுவதும் பழுத்துச் சிவந்து, பக்கத்துக் குழாயும் பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்கின்றன. பக்கத்துக் காரின் பம்பர் அனலிலேயே உருகத் தொடங்குகிறது. பிறகு அதன் டயர், அதற்கடுத்த கார். என்ஜின் அணைந்திருந்தாலும் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது என்பதை நாம் நினைப்பதே இல்லை.

இங்கே முதல் சட்டக் கேள்வி எழும். கார் ஓடவே இல்லையே, நின்றுகொண்டுதானே இருந்தது, இது 'மோட்டார் வாகன விபத்து' ஆகுமா? உச்ச நீதிமன்றம் 1991-இல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. 1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர் வேறொரு லாரியுடன் மோதிக் கவிழ்ந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, ஒழுகிய பெட்ரோல் பற்றி வெடித்ததில் அங்கே கூடியிருந்தவர்கள் இறந்தார்கள். கவிழ்ந்து கிடந்த டேங்கர் 'பயன்பாட்டில்' இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாகனம் நகராமல் கிடந்தாலும் அது பயன்பாட்டில் இருப்பதாகலாம் என்றது. சட்டத்தில் உள்ள 'வாகனப் பயன்பாட்டிலிருந்து எழும்' என்ற தொடர், 'வாகனத்தால் விளைந்த' என்பதைவிட விரிந்த பொருளுடையது என்றும் சொன்னது. நின்ற காரில் எழுந்த தீ அடுத்த காரை எரித்தது என்று வாதிடுபவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இதுதான்.

மண்டப முற்றம் பொது இடமா என்று அடுத்துக் கேட்பார்கள். பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள எந்த இடமும், அது பாதையாக இல்லாவிட்டாலும், பொது இடம் என்பதே சட்டத்தின் வரையறை. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்திய கார் என்றால் வாதம் நீளும்.

அதைவிடக் கடினமானது தவறு யாருடையது என்ற கேள்வி. தீ என் காரில் தொடங்கியது என்பதாலேயே அத்தனை கார்களுக்கும் நான் கடன்பட்டவனாகிவிடுவதில்லை. பொருட்சேதத்துக்கு ஈடு கேட்பவர் பொதுவாக என் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஃபியூஸ் இல்லாத வயர், பதிவுச் சான்றில் ஏற்றாமல் பொருத்திய கேஸ் கிட், பெட்ரோல் வாடை வருகிறது என்று மெக்கானிக் சொல்லியும் ஓட்டியது ஆகியவை கவனக்குறைவுக்குச் சான்றாகும். யாரோ வேண்டுமென்றே கொளுத்திவிட்டால் நிலைமை வேறு, குற்றம் கொளுத்தியவனுடையது. தவறே இல்லாவிட்டாலும் ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோட்பாடும் உண்டு. 2001-இல் கௌஸ்நுமா பேகம் வழக்கில், டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பால் நேர்ந்த மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்தியது. உயிரிழப்பு வழக்கில் சொன்னதைக் கார் இழப்புக்கும் நீட்ட வேண்டும் என்று வழக்கறிஞர் வாதாட இடம் இருக்கிறது. தீக்குக் காரணம் தயாரிப்புக் குறை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரையே பொறுப்பாக்க வழிசெய்கிறது.

பொறுப்பு நிலைநாட்டப்பட்டாலும் நிறுவனம் எவ்வளவு தரும்? உங்கள் பாலிசித் தாளை எடுத்து அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். பிரீமியக் கணக்குக்குப் பக்கத்திலோ கீழேயோ 'டி.பி.பி.டி.' என்று ஒரு வரி இருக்கும். மூன்றாம் தரப்பின் பொருட்சேதம் என்பதன் சுருக்கம் அது. காருக்கு வழக்கமாக 7,50,000 என்றும், இரு சக்கர வண்டிக்கு 1,00,000 என்றும் அச்சிட்டிருக்கும். சில தாள்களில் வெறும் 6,000 என்றிருக்கும். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்த தொகை அது; பிரீமியத்தில் ஒரு சிறு தள்ளுபடிக்காக வரம்பை அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சில்லறைத் தள்ளுபடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். 6,000 ரூபாயில் இன்று ஒரு காரின் முகப்பு விளக்கைக்கூட முழுதாக மாற்ற முடியாது.

வரம்பைத் தாண்டிய தொகை உரிமையாளரின் கையிலிருந்துதான் போக வேண்டும். நான்கு கார்களுக்கு 20 லட்சம் என்று தீர்ப்பானால், நிறுவனம் 7.5 லட்சம் போக மிச்சத்தைத் தராது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலைகளும் அதிகம், வாங்கி ஓட்டுபவர்களும் அதிகம். ஸ்கூட்டருக்கு வரம்பு 1 லட்சம்தான். ஓசூரில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார்களுக்கு நடுவே இரவு முழுவதும் சார்ஜில் கிடக்கும் ஸ்கூட்டரைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு நுணுக்கம். பாலிசியில் மூன்றாம் தரப்பின் பொருள் என்பதிலிருந்து, காப்பீடு செய்தவரின் சொந்தப் பொருளும் அவருடைய பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளும் விலக்கப்பட்டிருக்கின்றன. என் கார் எரிந்து என்னுடைய இன்னொரு காரும் எரிந்தால் அங்கே மூன்றாமவரே இல்லை. ஊருக்குப் போன அண்ணன் சாவியைத் தந்து என் கொட்டகையில் விட்டுப்போன காருக்கும் இதே சிக்கல் வரும்.

எரிந்த பக்கத்துக் காரின் உரிமையாளர் என்ன செய்யலாம்? அவரிடம் 'ஃபுல்', அதாவது தன் வண்டியின் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் பாலிசி இருந்தால், தீ அதில் முதலில் எண்ணப்படும் ஆபத்துகளில் ஒன்று. தானாகப் பற்றிய தீயானாலும், வெளியிலிருந்து பரவிய தீயானாலும் அவருடைய சொந்த நிறுவனமே தரும். பழுதுச் செலவு, பாலிசியில் வண்டிக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள். பணம் கொடுத்த நிறுவனம் அதன்பின் அவர் இடத்தில் நின்று தீக்குக் காரணமானவரிடம் வசூலிக்கலாம். இதைப் 'பதிலுரிமை' என்று எழுதலாம். கழித்த தொகைக்கும், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைத்துவந்து இப்போது கைவிட்டுப் போன போனஸுக்கும் அவரே தனியாக ஈடு கேட்கலாம். ஒரே இழப்புக்கு இரு முறை வாங்க முடியாது.

அவரிடம் 'தேர்ட் பார்ட்டி' மட்டும் இருந்தால் அது அவருடைய காரை ஒரு ரூபாய்க்கும் காக்காது. இதில் அறியாமலே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், 2018 செப்டம்பரிலிருந்து புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. ஆனால் சொந்த வண்டிக்கான காப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். "மூன்று வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நம்பி இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்காதவரின் கார், தீயைப் பொறுத்தவரை காப்பில்லாமலே நிற்கிறது.

அப்படிப்பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் அது இயங்குகிறது. 165-ஆம் பிரிவு மூன்றாம் தரப்பின் பொருட்சேதத்தையும் அதன் அதிகாரத்தில் வைக்கிறது. சேதம் 2,000 ரூபாயைத் தாண்டினால் உரிமையியல் நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள திருத்தம் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது, தள்ளிப்போடக் கூடாது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை, தீயணைப்பு நிலையத்தின் சான்று, வண்டிகள் நின்ற வரிசை தெரியும்படி எடுத்த படங்கள், தீ தொடங்கிய வண்டியின் பாலிசி விவரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியை அப்புறப்படுத்தினால் தீ எங்கே தொடங்கியது என்பதற்கான சான்று போய்விடும்.

இனித் தமிழ்ச் சொல். அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் 'மூன்றாம் நபர் காப்பீடு', 'மூன்றாம் தரப்புக் காப்பீடு' இரண்டும் வழங்குகின்றன. நபர் என்பது அரபியிலிருந்து வந்து ஆளைக் குறிக்கும் சொல். இழப்புக்கு ஆளானது ஒரு நிறுவனமாகவோ கோயிலாகவோ ஊராட்சியாகவோ இருக்கும்போது 'நபர்' பொருந்தவில்லை. தரப்பு என்பதும் 'தரஃப்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் பொருள் பக்கம். 'பார்ட்டி'யின் வேர்ப்பொருளோடு அப்படியே ஒட்டுகிறது. சட்டத்தில் எழுத 'மூன்றாம் தரப்பு' போதும், அதை மாற்ற வேண்டியதில்லை. காப்பீடு என்பதில் காப்பும் ஈடும் இரண்டுமே நம் சொற்கள்.

பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: நொதுமலர். நட்பும் இல்லை, பகையும் இல்லை, நமக்கு உறவு எதுவும் இல்லாத அயலார் என்று பொருள். மண்டப முற்றத்தில் தற்செயலாகப் பக்கத்தில் காரை நிறுத்தியவர் சரியாக அவர்தான். இன்று முகவரிடம் போய் 'நொதுமலர் காப்பீடு' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. அழகுக்காக அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

அன்றாடப் பேச்சுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் நான் முன்வைப்பது 'பிறர் இழப்புக் காப்பீடு'. எண்ண வேண்டியதில்லை, யாருக்கு என்பதும் எதற்கு என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன. அதற்கு இணையாக 'ஃபுல்' என்பதை 'தன் இழப்பும் பிறர் இழப்பும் சேர்ந்த காப்பீடு' என்று விரித்துச் சொல்லலாம். நடுவில் உள்ள 'டி.பி.பி.டி.' வரியைப் 'பிறர் பொருட்சேத வரம்பு' என்று அச்சிடலாம். முகவர் "தன் இழப்புக்கும் சேர்த்தா, பிறர் இழப்புக்கு மட்டுமா? பிறர் பொருட்சேத வரம்பு ஏழரை லட்சமா, ஆறாயிரமா?" என்று கேட்டால், போச்சம்பள்ளிச் சந்தைக்கு வேன் ஓட்டுபவரும் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டுவார்.