ஹவுஸ் பேண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒலிப்பதிவுக் கூடத்திலோ இரவு விடுதியிலோ நிரந்தரமாக இருந்துகொண்டு, அங்கே பாட வருகிற எவருக்கும் வாசித்துக் கொடுக்கும் குழுதான் ஹவுஸ் பேண்ட். 'வீட்டு இசைக்குழு' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். தியேட்டர் வாசலில் தொங்கும் 'ஹவுஸ்ஃபுல்' பலகையில் இருக்கும் அதே ஹவுஸ்தான் இது. அரங்கு, தொழில் நடக்கும் இடம் என்று பொருள்.

இந்தச் சொல்லின் முழுப் பொருளையும் காட்டுகிற குழு, அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் இருந்த புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ். ஜிம் ஸ்டீவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹவுஸ் பேண்ட் அது. இருவரின் குடும்பப் பெயர்களிலும் உள்ள முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் (St, Ax) சேர்ந்து 1961-இல் 'ஸ்டாக்ஸ்' ஆனது. அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய சினிமா தியேட்டர். இருக்கைகளை எடுத்தார்களே தவிர சரிவான தரையைச் சமப்படுத்தவில்லை. ஸ்டாக்ஸ் ஒலியின் தனித்தன்மையில் அந்தத் தரைக்கும் பங்கு உண்டு.

1962-இல் வேறொரு பாடகருக்கான ஒலிப்பதிவு முடிந்து நேரம் மிஞ்சியபோது, உறுப்பினர்கள் தங்களுக்காக வாசித்ததில் பிறந்தது 'கிரீன் ஆனியன்ஸ்'. பாடலே இல்லாத, 12 பார் ப்ளூஸ் அமைப்பில் (12 தாள அளவுகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் வடிவம்) நகரும் வாத்திய இசை. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது வயது 17. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. கிட்டாரில் ஸ்டீவ் கிராப்பர், டிரம்ஸில் ஆல் ஜாக்சன், பேஸில் லூயி ஸ்டைன்பெர்க். பிற்பாடு ஸ்டைன்பெர்க் இடத்துக்கு டொனால்ட் 'டக்' டன் வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்கார முடியாத ஊரில், இரு தரப்பும் சேர்ந்த குழு இது. இதைச் சொல்லாமல் இவர்கள் வரலாற்றை எழுதவே கூடாது.

இவர்கள் எழுதி வைத்த நோட்ஸைப் பார்த்து வாசிக்கவில்லை. பாடகர் மெட்டை முணுமுணுப்பார். அதற்கான கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, குழு அங்கேயே கண்டுபிடிக்கும். ஆரம்ப ஆண்டுகளில் ஒரே டிராக்கில்தான் பதிவு. ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து ஒரு வாத்தியத்தின் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்க வழியில்லை. தினமும் சேர்ந்து வாசித்துப் பழகிய கைகளால்தான் இது முடியும்.

தாளத்திலும் இதே கதை. நாலு எண்ணிக்கையில் 2-லும் 4-லும் ஸ்னேர் டிரம்மின் அடியும் கிட்டார் கார்டும் ஒன்றாக விழும். 1965-இல் பாடகர் வில்சன் பிக்கெட்டுக்கு வாசித்தபோது, தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் புதிய நடனம் ஒன்றை ஆடிக் காட்ட, அந்த அடியை மயிரிழை தாமதமாகத் தள்ளிப் போட்டார்கள். டிரம்ஸும் கிட்டாரும் ஒரே அளவு தள்ளினால்தான் அது நிற்கும். ஒருவர் முந்தினால் இரட்டை அடியாகக் கேட்டு, தப்பு போலவே இருக்கும். பெரிய கூடத்தில் ஒலி தாமதமாக வரும் என்பதால், கிராப்பர் காதை நம்பாமல் ஜாக்சனின் இடது கையைப் பார்த்து வாசித்தார்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் வானொலியில் ஏற்கெனவே புழங்குகிறது: நிலைய வித்வான். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, வந்து பாடுகிறவர்களுக்குப் பக்கம் வாசிப்பவர். அந்த வழியில் 'நிலைய இசைக்குழு' என்பதே என் தேர்வு. விடுதியைப் பற்றி எழுதினால் 'அரங்கக் குழு' பொருந்தும். 'ஆஸ்தான வித்வான்' அழகான சொல்தான், ஆனால் அது தனிக் கலைஞருக்குக் கிடைக்கும் கௌரவம். 'பக்கவாத்தியக் குழு' கச்சேரிக்குக் கச்சேரி மாறும். 'பின்னணி இசைக்குழு' என்றால் சினிமாவின் பின்னணி இசைதான் நினைவுக்கு வரும்.

கால்ஷீட் கணக்கில் வந்து வாசித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போகும் திரையிசைக் கலைஞர்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவர்கள் செஷன் கலைஞர்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவைத் தயங்காமல் நிலைய இசைக்குழு என்று எழுதலாம்.