இருமல் அடக்கியா, கோழையகற்றியா?

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சி, "நெஞ்செல்லாம் சளி கட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குதுப்பா" என்றார். கடைத்தம்பி ஒரு பாட்டிலை எடுத்து நீட்டி, "இது இருமல் அடக்கி ஆச்சி" என்றான். திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது குவைஃபெனெசின். அது எக்ஸ்பெக்டரன்ட், அதாவது நெஞ்சுச் சளியை வெளியே கொண்டுவரும் மருந்து. இருமலை அடக்கும் வேலையே அதற்குக் கிடையாது. நான் சொன்னதும் ஆச்சி கேட்டார்: "அப்ப எதுக்கு அடக்கின்னு சொல்றாக?"

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் சுற்றும் மருந்துக் குறிப்புகள் முதல் நலவாழ்வுக் கட்டுரைகள் வரை எக்ஸ்பெக்டரன்டுக்கு இதே 'இருமல் அடக்கி'தான், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே, பெக்டஸ் என்றால் நெஞ்சு. நெஞ்சிலிருந்து வெளியேற்றுவது, அவ்வளவுதான். (எதிர்பார்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஒலிக்கும், ஆனால் வேர் வேறு. 'எதிர்பார்ப்பு மருந்து' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.)

அடக்குகிற மருந்து தனியாக இருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அந்த வகை. இருமலைத் தூண்டுகிற மூளைப் பகுதியைத் தணிக்கும், வறட்டு இருமலுக்குக் கொடுப்பார்கள். குவைஃபெனெசின் கொடுப்பதோ, சளி நீர்த்து, இருமினால் வெளியே வரட்டும் என்று. இருமல் இல்லாமல் அது எப்படி வரும்? எங்கள் வீட்டில் ஐயா கட்டிலுக்கடியில் ஒரு பித்தளைப் படிக்கம், அதாவது துப்புகிற பாத்திரம், இருக்கும். ராத்திரி ஆடாதோடைக் கசாயம் கொடுத்துவிட்டு, காலையில் அப்பத்தா முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் படிக்கத்தைத்தான். இருமல் நின்றதா என்று ஒருநாளும் கேட்டதில்லை, "வந்துச்சா?" என்றுதான் கேட்பார். படிக்காத அப்பத்தாவுக்குத் தெரிந்தது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதிதாக ஆக்கவே வேண்டாம். சித்த மருத்துவ நூல்களில் ஆடாதோடையின் செய்கையைச் சொல்லும்போது 'கோழையகற்றி' என்றே இருக்கிறது. நெஞ்சில் கட்டும் சளிதான் கோழை. ஆனால் கோழை என்றால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களாம். நினைக்கட்டுமே, மாலை என்றால் பூமாலையா சாயங்காலமா என்று இதுவரை யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. 'கபநிவாரணி' என்கிறார்கள் சிலர். நிவாரணம் என்றாலே எனக்குப் புயலும் அரிசி மூட்டையும்தான் ஞாபகம் வருகிறது. 'சளிநீக்கி' அவ்வளவு மோசமில்லை, ஆனால் நமக்கு மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி. அந்தப் பெயரைப் பார்த்து மூக்கொழுகலுக்கும் இதையே இரண்டு மூடி ஊற்றிக் குடிப்பார்கள். கோழை என்றால் அந்த மயக்கம் இல்லை.

இன்னொரு நுணுக்கம். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை ஒட்டி உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின் என்ற மருந்து. அது உடம்புக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்று அம்ப்ராக்சால். இவை கெட்டிச் சளியை இளக்குபவை. மலமிளக்கி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதே போக்கில் இதைக் கோழையிளக்கி என்று சொல்லிவிடலாம்.

எல்லாம் சரி, அகற்றியையும் அடக்கியையும் ஒரே பாட்டிலில் கலந்தும் விற்கிறார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.