முதுகுவலிக்கு ஸ்கேன் கேட்டு வருகிறவர்களுக்கு

போன வாரமும் ஒரு அங்கிள் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் 30 வருடம் குலை வெட்டியவர். கையில் பெரிய உறை, உள்ளே எம்ஆர்ஐ படம். மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் வெளியே போய் எடுத்ததாம். "தட்டு பிதுங்கிடுச்சாம் தம்பி. இனிமே குனியவே கூடாதாமே?" (தட்டு என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்.) இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்திருக்கிறார். இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த புதிதில் தோட்டத்து ஆட்கள் மிஷினைப் பார்த்தாலே ஒதுங்குவார்கள். இப்போது ஸ்கேன் எழுதித் தராத டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

வலி எங்கிருந்து வருகிறது என்று ஸ்கேன் காட்டிவிடுமாம்! படத்தில் வலி தெரியாது, ஐயா. தேய்மானம் தெரியும், பிதுக்கம் தெரியும். அதுதான் வலிக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. 1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் தட்டு பிதுங்கியிருந்தது. நன்றாக நடந்து திரிந்தவர்கள்தான். பால் வெட்டிய ரப்பர் மரத்துப் பட்டையில் கத்தி போட்ட கோடு இல்லாமல் இருக்குமா? கோட்டைப் பார்த்துவிட்டு மரத்துக்கு நோய் என்று எந்தக் கங்காணியாவது சொல்வாரா? 50 வயது முதுகும் அப்படித்தான். பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்துக் கிடந்தால்தான் இழுத்துக்கொண்டே போகும். முடிந்த அளவு நடங்கள்.

(படத்தில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எடுப்பவன், படித்துச் சொல்வது டாக்டர்.)

சரி, எப்போது ஓடி வரவேண்டும்? கால் பலமிழந்தால், தொடை இடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் அல்லது அடக்க முடியாமல் போனால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், விழுந்து அடிபட்டால். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

சிடி ஸ்கேனைச் சும்மா கேட்காதீர்கள். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, சிடியில் உண்டு. வயிற்றுக்கு ஒரு தடவை எடுத்தால், ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைப் போல நூறு மடங்கோ அதற்கு மேலோ. பழைய படங்களை அலமாரியில் பூட்டிவைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அக்கா, எம்ஆர்ஐக்கு வரும்போது தாலியில் கோத்திருக்கும் ஊக்குகளை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்களேன். ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணிக் கொடுப்பதற்குள் அடுத்த ஆள் கதவைத் தட்டுகிறார்.