கூத்து நடக்கும் இடத்தில் போன்: மைக்செட், லைட் பக்கத்திலிருந்து சில விவரங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் ஒவ்வொன்றாகப் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆட்டம் தொடங்குமுன் விழாக்குழுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் போனை சைலண்ட்ல போட்டுக்குங்கப்பா" என்பார். அத்தோடு தன் வேலை முடிந்தது என்று அவரும் உட்கார்ந்துவிடுவார், கூட்டமும் மறந்துவிடும். உண்மையில் ரிங்டோன் அடிப்பது இருக்கும் தொல்லைகளில் சின்னது. ஆட்டக்காரரைக் கீழே தள்ளக்கூடியது வெளிச்சம். பாட்டைக் கெடுப்பது காதுக்கு நேராகக் கேட்காத ரேடியோ அலை. ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பெயரைக் கெடுப்பது மறுநாள் காலை சுற்றுக்கு வரும் அரை நிமிட வீடியோ. மைக்செட்டும் லைட்டும் கட்டுகிற எங்களுக்கு இந்த மூன்றும் தினசரித் தலைவலி.

முதலில் வெளிச்சம். நாங்கள் போடும் ஃபோகஸ் லைட் பன்னிரண்டு, பதினைந்தடி உயரத்தில், முன்பக்கம் இரு ஓரமும் சாய்வாக இருக்கும். அது மேலிருந்து வருவதால் புருவமும் கிரீடத்தின் விளிம்பும் கண்ணுக்கு நிழல் கொடுக்கும். ஆட்டக்காரர் அந்த லைட்டுக்குப் பழகியவர், எந்தப் பக்கம் திரும்பினால் எது கண்ணில் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். போன் டார்ச் அப்படி வருவதில்லை. ஜனங்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் கீழிருந்து மேலாக நேராகக் கண்மணிக்குள் போகும், தடுக்க ஒன்றும் கிடையாது. போதாததற்குக் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் மார்புப் பதக்கத்திலும் கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறது. ஒருவர் அடித்த ஃபிளாஷ் அதில் பட்டு எதிரில் நிற்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் போகும்.

இது எப்போது அடிக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் திரை பிடித்திருப்பார்கள், திரைக்குப் பின்னால் வேடக்காரர் விருத்தம் பாடுவார், காலும் சலங்கையும் மட்டும் தெரியும். திரை விலகும் அந்த நொடியில்தான் நாற்பது போன் ஒன்றாக மேலே எழும். அவர் அடுத்துச் செய்யப்போவது கிரிக்கி, அதாவது மேடையைச் சுற்றிச் சரசரவென்று சுழன்று வரும் ஆட்டம். சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் கண் ஒரே புள்ளியைத் தேடிப் பிடிக்கும். தலை சுற்றாமல் இருப்பதற்கு அதுதான் ஆதாரம். பளீரென்ற வெளிச்சம் பட்டால் சில நொடிகளுக்குக் கண்ணில் ஒரு கரும்பொட்டு மிதக்கும், புள்ளி கிடைக்காது. தலையிலும் தோளிலும் மரக்கட்டை ஆபரணம் ஏற்றிக்கொண்டு, ஓரத்தில் கம்பி வேலி இல்லாத மேடையில், புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அர்ச்சுனன் தபசை ராத்திரியில் நடத்தும் ஊர்களில் இது இன்னும் ஆபத்து. பனை உயரத் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறவர் அடுத்த படியைக் காலால் தடவிப் பார்த்துத்தான் வைக்கிறார். கீழே எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் மடி ஏந்தி நிற்கும் பெண்கள் ஒரு பக்கம், அவர் முகத்துக்கு நேராக டார்ச் பிடித்து நிற்கும் பையன்கள் ஒரு பக்கம். மரத்துக்குக் கீழே டார்ச் கூடாது என்று அன்றைக்குத் தனியாகவே அறிவிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஃபிளாஷால் படம் எடுப்பவருக்குக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. போன் ஃபிளாஷ் படத்துக்கு வெளிச்சம் கொடுப்பது இரண்டு, மூன்று மீட்டர் வரைதான். மேடை எட்டு மீட்டர் தள்ளி இருந்தால் அது வெளுக்க வைப்பது முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பின்மண்டையை மட்டும்தான். கேமராவைத் திறந்ததும் மின்னல் குறியைத் தொட்டு அணைத்துவிடுங்கள். "ஆட்டோ"வில் விடாதீர்கள், இருட்டைப் பார்த்ததும் அது தானாகவே அடிக்கும். பிறகு வேடக்காரரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சுற்றிலும் இருட்டு என்பதால் போன் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டப் பார்க்கும், அதனால்தான் அரிதாரம் பூசிய முகம் வெள்ளைப் பூசணி மாதிரி வருகிறது. வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது லைட்டின் குற்றம் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டுகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 60 ஃபிரேமில் எடுத்தால் அதோடு ஒத்துப்போகாது. 25 ஃபிரேம் வசதி இருந்தால் அதில் வைக்கலாம், இல்லையென்றால் 30. கூத்து முழுவதையும் எடுத்துவிடலாம் என்று ஸ்டாண்டு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 60 எம்பி என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 28 ஜிபிக்கு மேல் போகும். அதற்குள் பேட்டரி தீரும், சார்ஜருக்கு எங்களிடம்தான் வருவீர்கள்.

அந்தச் சார்ஜர் விஷயத்தையும் சொல்லிவிடலாம். "அண்ணே, பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுக்கறேன்" என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போனைச் செருகிவிட்டுப் போவார்கள். மிக்சர் மேலேயே நாலு போன் கிடக்கும். மலிவான இரண்டு பின் சார்ஜருக்கு எர்த் கிடையாது. அதன் உள்ளே நடக்கும் அதிவேக ஸ்விட்சிங் இரைச்சல் கரண்ட் லைன் வழியாக ஏறி, ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலியாக வரும். போனே தனித் தொல்லை. டூஜி போன் டவரோடு பேசும்போது தொடர்ச்சியாகப் பேசாது, வினாடிக்கு 217 துண்டுகளாக வெட்டி வெட்டி அனுப்பும். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதன் உச்ச சக்தி 2 வாட் வரை போகலாம். மைக் கேபிள் இதற்கு ஆன்டெனா மாதிரி வேலை செய்ய, மிக்சரின் முதல் கட்டம் அந்தத் துடிப்பைப் பிடித்து ஒலியாக்கிவிடும். "டிட்டிடி டிட்டிடி" என்று கேட்பது அதுதான். 217 ஹெர்ட்ஸ் என்பது கீழ் ஸ்தாயியில் கிட்டத்தட்ட ஆறு கட்டை. அதாவது ஆர்மோனியம் நிற்கும் பிரதேசத்துக்குள்ளேயே சுருதி சேராத இன்னொரு சுருதி வந்து உட்காருகிறது. பின்பாட்டுக்காரருக்குக் காது குழம்புவது அங்கேதான்.

ஃபோர்ஜி போனில் இந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. ஆனால் நம் கிராமங்களில் பட்டன் செட் இன்னும் நிறைய. ஜவ்வாது மலை அடிவாரம் மாதிரி சிக்னல் குறைந்த இடங்களில் போன் இன்னும் உரக்கக் கத்தித்தான் டவரைக் கூப்பிடும், அங்கே தொல்லையும் கூடும். இதற்கு மருந்து தூரம்தான். கேபிளிலிருந்தும் மிக்சரிலிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மேடையில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மடியில் வைத்திருக்கும் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாலை போட வரும் பெரிய மனிதர்களின் சட்டைப் பையில் இருக்கும் போன் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. பேசுமுன் அதை வாங்கி வைக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். நாங்கள் செய்ய வேண்டியது: இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் பிளக்) உள்ள, வெளி இரைச்சலைத் தள்ளிவிடும் பேலன்ஸ்டு கேபிள், சார்ஜுக்கென்று மிக்சரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளித் தனி எக்ஸ்டென்ஷன் போர்டு.

காலர் மைக் சாயங்காலம் டெஸ்ட் செய்யும்போது நன்றாக இருந்து பத்து மணிக்கு மேல் விட்டு விட்டு வந்தால் மைக்செட்காரரைத் திட்டுவதற்கு முன் கூட்டத்தைப் பாருங்கள். மலிவான காலர் மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தச் சின்ன இடத்தில்தான் ப்ளூடூத்தும் பெரும்பாலான ஹாட்ஸ்பாட்டும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. மனித உடம்பிலுள்ள தண்ணீரும் அந்த அலையை விழுங்கும். ஆகவே ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்ல வேண்டும், ரிசீவரைக் கூட்டத்தின் தலைக்கு மேல், ஏழெட்டடி உயரத்தில் மேடை தெரியும்படி வைக்க வேண்டும். பழைய யுஎச்எஃப் மைக் வைத்திருப்பவர்கள் அதன் அலைவரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்தது. அந்தப் பட்டையில் போன்கள் டவருக்கு அனுப்பும் பகுதி 703 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மைக்கும் அங்கேயே இருந்தால் முன்வரிசைப் போன்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. எதிரில் ஆட்டம் நடக்கும்போதே அதன் லைவை ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கிறவர்கள்! லைவ் பல நொடி தாமதமாக வரும். மேலே தொங்கும் மைக் அதையும் பிடிக்கும், துரியோதனன் இரண்டு தடவை சிரிப்பான்.

சைலண்ட் என்றால் போதும் என்று நினைப்பவர்கள் அலாரத்தை மறந்துவிடுகிறார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் உச்சக்கட்டம் விடியற்காலையில்தான் வருகிறது. பால் கறக்க, தோல் தொழிற்சாலை ஷிப்டுக்கு, முதல் பஸ்ஸுக்கு என்று ஊரே நாலரைக்கும் ஐந்துக்கும் அலாரம் வைத்திருக்கும். சைலண்டிலும் ஏரோபிளேன் மோடிலும் அலாரம் அடிக்கும். பல பட்டன் செட்டுகளில் சுவிட்ச் ஆஃப் செய்தாலும் அடிக்கும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அது நிற்பதில்லை, தள்ளிப்போகிறது. ஐபோனில் வழக்கமாக ஒன்பது நிமிடம் கழித்து மறுபடி வரும். ஆகவே உட்கார்ந்ததும் கடிகாரத்தைத் திறந்து அலாரங்களை அணையுங்கள். அதன் பிறகு டு நாட் டிஸ்டர்ப் போடுங்கள். வைப்ரேஷனையும் எடுத்துவிடுங்கள், இரும்பு மடக்கு நாற்காலியில் அது நாலு வரிசைக்குக் கேட்கும். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்திருப்பவர்கள் போனை அணைக்கத் தேவையில்லை. டு நாட் டிஸ்டர்பில் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். 'திரும்ப அழைப்பவர்' வசதி இயங்கினால், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும் அதே எண் இரண்டாம் முறை அழைக்கும்போது மணி அடிக்கும்.

கூத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரி, பஸ், ரயில் பற்றியும் சுருக்கமாக. போன் ஸ்பீக்கர் சின்னது, கனமான ஒலி அதில் வராது. வருவதெல்லாம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் குவிகிறது. அதனால்தான் காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் பார்க்கும் ரீல்ஸ் நாற்பது பேருக்குக் குத்துகிறது. பாகாயம் பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திப் பேசுகிறோம். எதிர்முனைக்காரருக்கு எஞ்சினும் சேர்ந்து கேட்கும், குரல் தெளிவாகாது. கத்துவதற்குப் பதில் மைக் இருக்கும் கீழ்முனையை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்தால் போதும். ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டோ உரத்த பேச்சோ கூடாது என்பது ரயில்வேயின் விதி; காட்பாடியில் ஏறுகிறவர்கள் டிக்கெட் பரிசோதகரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வீடியோவுக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஆட்டக்காரருக்குத் தனி உரிமை தருகிறது, அது 50 ஆண்டு நிற்கும். சட்டத்தின் விளக்கத்தில் நடிகர், பாடகர் வரிசையில் பாம்பாட்டியையும் கழைக்கூத்தாடியையும்கூடச் சேர்த்திருக்கிறார்கள். கூத்துக்காரர் அதில் வருவாரா என்ற சந்தேகமே வேண்டாம். உங்கள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள 39ஆம் பிரிவு இடம் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது சொந்த உபயோகம் ஆகாது, அதற்கு ஜமா வாத்தியாரின் சம்மதம் வேண்டும். 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவின்படி, பெயர் கெடும்படி வெட்டித் திரித்துப் போட்டால் அவர் தடுக்கலாம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனின் நையாண்டி முன்னும் பின்னும் இல்லாமல் அரை நிமிடத்தில் வெறும் ஆபாசமாகிவிடும். துகிலுரிதல் காட்சியில் திரௌபதி வேடக்காரருக்கு ஆவேசம் வருவதும் கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வருவதும் உண்டு. அந்த முகங்களை எடுக்கவே கூடாது. கொட்டகையில் வேடம் கட்டும்போது எடுப்பதும் அப்படித்தான், கேட்காமல் கூடாது.

இதற்காகப் போனையே தடை செய்யச் சொல்லவில்லை. கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, வேலூர் ஸ்ரீபுரம் பொற்கோயிலில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். கூத்து நடக்கும் களத்துக்கு வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. தவிர, நல்ல வீடியோவைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர் தாம்பூலத்தோடு வருவதும் நடக்கிறது. மேடைக்கு இடது, வலது ஓரங்களில் கயிறு கட்டி, படம் எடுப்பவர்கள் அங்கே நின்று எடுக்கட்டும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறைக்காது. முதல் அரைமணி எடுக்கலாம், அதற்குப் பிறகு வேண்டாம் என்று நேரமும் வைக்கலாம். ஏற்றுகிறவர்கள் ஜமாவின் பெயர், ஊர், கூத்தின் பெயர், வாத்தியார் பெயர் நான்கையும் போட வேண்டும்.

அறிவிப்பை விழாக்குழு செய்வதைவிடக் கட்டியக்காரனிடம் விட்டுவிடுவது மேல். யாரையும் கிண்டல் செய்ய அவருக்கு உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். களரி கட்டி, அதாவது தொடக்க வாத்திய முழக்கம், முடித்து அவர் வந்ததும், "அலாரத்த அணை, டார்ச்ச அணை, ஹாட்ஸ்பாட்ட அணை" என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். கேட்டுவிட்டு உடனே பாட்டுக்குப் போய்விடக் கூடாது. அரை நிமிடம் தாளத்தை நிறுத்தி, ஒவ்வொருவரும் பையில் கைவிட்டு எடுத்துச் செய்து முடிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். நடுச்சாமத்துக்கு மேல் வந்து சேருகிறவர்களுக்காக மூன்று மணி வாக்கில் இன்னொரு தடவை.