யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

மாணவர் விடுதி உதவியாளர், அதாவது விடுதியிலேயே தங்கி ஒரு தளத்து மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் மாணவர், வேலைக்கான நேர்காணலை நடத்தி முடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்று வந்தவர்களில் நான்கு பேர் ஒரே கேள்வியில் சறுக்கினார்கள். நால்வரும் நல்ல பிள்ளைகள், அதனால்தான் மனசு கேட்கவில்லை.

கேள்வி இதுதான். இரவு 1 மணி. உங்கள் தளத்தில் இருக்கும் முதலாம் ஆண்டு மாணவி உங்கள் கதவைத் தட்டுகிறாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, அப்பத்தான் சொல்வேன்" என்கிறாள். என்ன செய்வீர்கள்?

நால்வரும் யோசிக்கவே இல்லை. "சரி என்று வாக்குக் கொடுப்பேன், அப்போதுதானே மனம் திறப்பாள்" என்றார்கள். அதில் ஒரு பெண், விடிய விடியக் கூடவே உட்கார்ந்திருப்பேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பரிவு நிஜம். ஆனாலும் அந்தப் பதிலுக்கு என்னால் மதிப்பெண் போட முடியவில்லை.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமலே எப்படி வாக்குக் கொடுப்பீர்கள்? யாரோ அவளிடம் அத்துமீறியிருக்கலாம். கையில் மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை போன்றவை காதில் விழுந்தால் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்பது பல விடுதிகளில் எழுதியே வைத்திருக்கும் விதி. ஆக, கொடுத்த வாக்கை அன்று இரவே மீறுவீர்கள், இல்லையென்றால் ஒரு பெண்ணின் உயிரை வைத்து அதைக் காப்பாற்றுவீர்கள். வாக்கை மீறினால் அவள் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

அவள் சொல்லத் தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "நீ சொல்றதை ஊரெல்லாம் பரப்ப மாட்டேன்மா. ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்டயே சொல்லிடுவேன்." இப்படிச் சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வந்தவர் உட்கார்ந்து பேசத்தான் செய்கிறார்.

வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்பது தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அங்கிருந்தபடியே இரவுப் பணியில் இருக்கும் அதிகாரியைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குடித்து மயங்கிக் கிடக்கும் மாணவனைப் பற்றியும் கேட்பார்கள். "தூங்கவிட்டால் தெளிந்துவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் ஆம்புலன்ஸ். அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். தீ அலாரம் அடித்தால் நீங்களும் படி வழியாக வெளியே வர வேண்டும். புகைக்குள் போய்த் தேடுவது தீயணைப்பு வீரர்களின் வேலை. யார் வரவில்லை என்று அவர்களிடம் சொல்வது உங்கள் வேலை.

சில இடங்களில் நடித்துக் காட்டச் சொல்வார்கள். நேர்காணல் குழுவில் ஒருவர் கதவுக்குப் பின்னால் மாணவராக உட்கார்ந்திருப்பார். இன்று ஒரு தம்பி கதவை ஒரு தட்டுத் தட்டி, தட்டிய கையாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அது இன்னொருவருடைய அறை. தட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள். அந்தச் சில நொடிகளையும் நாங்கள் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம்.

மற்றதெல்லாம் எளிது. விடுதி விதிகளை ஒரு முறையாவது படித்துவிட்டு வாருங்கள். உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்த 3 சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள்: என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு எங்களுக்குத் தெரியாது. ஏன் இந்த வேலை என்று கேட்டால், அறை வாடகை மிச்சமாகும் என்பதை மறைக்க வேண்டாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். தேர்வு நாட்களில் இரவுப் பணி வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

அப்புறம், கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். பலரும் இல்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்: "நள்ளிரவில் நான் கூப்பிட்டால் போனை எடுப்பது யார்? அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், அந்த வேலை வேண்டுமா என்று வீட்டுக்குப் போய் நிதானமாக யோசியுங்கள்.