முன்பள்ளிக்கு முந்தின வயதுக்கு ஊரில் ஒரு விளையாட்டுக் குழு

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை கிளினிக்கில் மாதாமாதம் நிறை பார்ப்பார்கள். அதன்பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். முன்பள்ளியில் சேர்ப்பதோ மூன்று வயதில். இடையில் வரும் அந்த ஒரு வருடம் இலங்கையின் வன்னிப் பகுதியில் பல பிள்ளைகளுக்கு வீட்டு முற்றத்தோடேயே போய்விடுகிறது. ஒட்டுசுட்டான், பூநகரிப் பக்கமெல்லாம் காணிகள் பெரிது, வீடுகள் தள்ளித் தள்ளி. தாய் வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போனால் பிள்ளை அம்மம்மாவோடும் போனோடும் இருக்கும். பேச்சுப் பிந்தினால்கூட ஒப்பிட்டுப் பார்க்க அயலில் அதே வயதுப் பிள்ளை இருக்காது.

இதற்கு ஊரே நடத்தக்கூடியது விளையாட்டுக் குழு. இது முன்பள்ளி அல்ல. கிழமையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் போதும். பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. தாய், தகப்பன், அம்மம்மா யாராவது கூடவே இருக்க வேண்டும். எழுத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. இந்த வயதில் அது கூடவே கூடாது என்பேன்.

ஒரு பிள்ளை சிரட்டையில் மண் நிரப்பிக் கொட்டும். பக்கத்துப் பிள்ளை அதைப் பறிக்கும். இரண்டும் அழும். கொஞ்ச நேரத்தில் ஒன்று தன் சிரட்டையை மற்றதிடம் நீட்டும். "தா" என்று கேட்கவும் தன் முறை வரும்வரை பொறுக்கவும் பிள்ளை பழகுவது இப்படித்தான். தனியே இருக்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தாய்மாருக்கும் இதில் பெரிய நன்மை உண்டு, குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்களுக்கு. நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோசா என்கிற சத்துமா இலவசம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உண்டு என்பது இப்படிக் கூடிப் பேசும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யத் தொடங்கும் என்று அதன் கிளினிக் பதிவேட்டிலேயே இருக்கிறது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் (மருத்துவமாதுவிடம்) சொல்லுங்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, யாரிடம் போவது? பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். பொதுநோக்கு மண்டபத்துக்கு மாதர் சங்கத்தையோ கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ கேளுங்கள். கட்டில்லாத கிணறு கிட்ட இருந்தால் அந்த இடம் வேண்டாம். புளியங்கொட்டை, மஞ்சாடி போன்றவை மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகும், கொடுக்காதீர்கள். காணிக்குள் கிடந்த இரும்புச் சாமான் எதையும், எவ்வளவு பழசானாலும், விளையாட எடுத்து வராதீர்கள், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம்.

மூன்று வயதானதும் முன்பள்ளிக்கு அனுப்புங்கள். அரசின் காலை உணவுத் திட்டம் அந்த முன்பள்ளியில் நடக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.