இன்சுலேட்டர்: தமிழில் காவலி

பழைய தந்திக் கம்பங்களின் குறுக்குச் சட்டத்தில், கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி வரிசையாக நிற்குமே, அதுதான் இன்சுலேட்டர். வெளிநாடு போனால் பழைய சாமான் சந்தைகளில் இதை மட்டுமே தேடி அலைகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான்.

சொல்லின் வேர் லத்தீன். 'இன்சுலா' என்றால் தீவு. மின்சாரம் வெளியே கசிந்துவிடாமல் கம்பியைத் தீவு போலத் தனியே நிறுத்துவதால் இந்தப் பெயர். 1729இல் ஸ்டீபன் கிரே என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு நீண்ட கயிற்றின் வழியாக மின்னைக் கொண்டுபோகப் பார்த்தார். கயிற்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டபோது மின் மறுமுனை வரை போனது, பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டபோது வழியிலேயே போய்விட்டது. அன்று பட்டு செய்த வேலையைத்தான் பின்னால் தந்திக் கம்பத்தில் கண்ணாடி செய்தது.

'தீவு' என்ற இந்த வேர் தெரிந்திருந்தால் பயணத்தில் ரொம்பவே கைகொடுக்கும். இத்தாலியனில் 'இசோலாத்தோரே', ஸ்பானியத்தில் 'ஐஸ்லதோர்', ஜெர்மனில் 'இசோலாத்தோர்', எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதே தீவுதான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: இத்தாலியில் 'இசோலாந்தே' என்று கேட்டுவிட்டால் மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்று அர்த்தமாகிவிடும், கறுப்பு டேப் சுருளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பொருளுக்கு ஒரு சொல், கம்பத்தில் நிற்கும் சாதனத்துக்கு வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இன்சுலேட்டர்தான்.

சரி, தமிழில்? 'மின்கடத்தாப் பொருள்' என்பது பாடநூலில் படித்த சொல், அது பொருளைத்தான் சொல்கிறது, கையில் எடுத்துப் பார்க்கும் கண்ணாடிக்குப் பொருந்தவில்லை. 'மின்காப்பி' என்றும் எழுதுகிறார்கள், காதில் விழுந்ததும் குடிக்கிற காப்பிதான் நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பாடநூல்களில் 'காவலி' என்ற அழகான சொல் இருக்கிறது. அங்கே அதுவும் பொருளைக் குறிப்பதுதான், ஆனாலும் கம்பியைக் காவல் காத்து நிற்கும் இந்தச் சாதனத்துக்குக் 'கண்ணாடிக் காவலி' என்பதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

உறுப்புகளுக்கும் தமிழ் தானாகவே வருகிறது. அமெரிக்காவின் ஹெமிங்ரே கம்பெனி செய்த 42ஆம் எண் காவலியை எடுத்துக்கொள்ளுங்கள், கடல்நீர்ப் பச்சையில் நிறையக் கிடைக்கும். உள்ளே விரலை விட்டால் மரை தட்டுப்படும், மர முளையில் திருகி மாட்டுவதற்காக. 1865இல் லூயி கோவே என்ற அமெரிக்கர் இந்த மரைக்குக் காப்புரிமை வாங்கும் வரை காவலிக்குள் மரை பரவலாக இல்லை, காற்றடித்தால் கழன்று விழும். அடி விளிம்பில் சிறு பற்கள் மாதிரி இருப்பவை சொட்டு முனைகள். மழைநீர் விளிம்போடு தங்காமல் அந்த முனைகள் வழியாகச் சொட்டிவிட வேண்டும் என்று 1893இல் ஹெமிங்ரே கொண்டுவந்த ஏற்பாடு இது.

வாங்கும்போது முதலில் உடைந்திருப்பதும் அந்த முனைகள்தான், அதனால் நகத்தால் சுற்றிலும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். அப்புறம், கம்பத்தில் இன்னும் நிற்கும் காவலியில் கை வைக்காதீர்கள், அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம், அது இன்னொருவரின் சொத்தும்கூட.